2-ஆ, 20-ஆ? பசிபிக்ல இருந்து இந்தியப் பெருங்கடலுக்கு வர்ற தண்ணிய அளந்த கதை

பசிபிக்கும் இந்தியப் பெருங்கடலும் வெப்பமண்டலத்துல சந்திக்கிற இடம் உலகத்துலயே ஒண்ணுதான், இந்தோனேசியத் தீவுகளுக்கு நடுவுல இருக்குற நீரிணைங்க. பசிபிக்ல வருஷம் பூரா கிழக்குல இருந்து அடிக்கிற காத்து தண்ணிய மேற்கு ஓரத்துல கொண்டுபோய் குவிச்சு வைக்குது, அதனால அந்தப் பக்கம் கடல் மட்டம் கொஞ்சம் ஒசரம், இந்தியப் பெருங்கடல் பக்கம் கொஞ்சம் தாழ்வு, தண்ணி இறங்கி வருது. இவ்வளவுதான் அடிப்படை. இதுல சிக்கல் என்னன்னா எவ்வளவு தண்ணி வருதுங்கற கேள்விக்கு 1980கள் முடியுற வரைக்கும் கூட விஞ்ஞானிங்க கிட்ட இருந்த பதில் "2-ல இருந்து 20-க்குள்ள ஏதோ ஒண்ணு". இந்த 2, 20 எல்லாம் ஸ்வெர்ட்ரப் கணக்கு, ஒரு ஸ்வெர்ட்ரப்னா நொடிக்கு பத்து லட்சம் கன மீட்டர். உலகத்துல இருக்குற எல்லா ஆறும் சேர்ந்து கடல்ல கொட்டுறது ஒண்ணேகால் ஸ்வெர்ட்ரப் கூட தேறாது. அப்படிப்பட்ட ஒரு விஷயத்துல பத்து மடங்கு குழப்பம் இருந்திருக்கு.

அந்தக் குழப்பம் எப்படித் தீந்துச்சு, எது இன்னும் தீரல, அதான் இந்தப் பதிவு. என் கருத்த முன்னாடியே சொல்லிடுறேன்: அளந்தவங்க யாரும் தப்பா அளக்கல, எல்லாரும் சரியாத்தான் அளந்தாங்க, ஆனா ஒவ்வொருத்தரும் வேற வேற வருஷத்துல வேற வேற வாசல்ல நின்னு அளந்தாங்க.

மொதல்ல தண்ணி போற பாதை தெரியணும். பிலிப்பைன்ஸ் மின்டனாவோ பக்கத்துல தெக்க இறங்குற நீரோட்டம் சுலவேசி கடலுக்குள்ள நுழையுது, அங்கேர்ந்து போர்னியோவுக்கும் சுலவேசிக்கும் நடுவுல இருக்குற மக்காசர் நீரிணை வழியா கீழ வருது. அதுல ஒரு பங்கு நேரா பாலிக்கும் லொம்போக்குக்கும் நடுவுல லொம்போக் நீரிணையில வெளிய போயிடும். மிச்சம் கிழக்க திரும்பி ஃபுளோரஸ் கடல், பாண்டா கடல்னு சுத்திட்டு ஓம்பை நீரிணை வழியாவும் திமோர் வழியாவும் வெளிய வரும். இது போக ஹல்மஹேரா பக்கம், லிஃபாமதோலா பக்கம்னு கிழக்கு வழியா ஆழத்துல வர்ற தண்ணி தனி. சுருக்கமா உள்ள வர்றதுக்கு முக்கியமான வாசல் மக்காசர், வெளிய போறதுக்கு முக்கியமான வாசல் மூணு.

இந்தக் கடல்கள முறையா படிச்ச பழைய ஆட்கள்ல டச்சுக்காரங்க ஸ்னெல்லியஸ் கப்பல்ல 1929-30ல போனது பெரிய வேலை. அப்புறம் கிளாஸ் விர்ட்கி, ஜெர்மன்காரர், 1950கள்ல இந்தோனேசியாவுலயே தங்கி வேலை பாத்தவர், தென்கிழக்கு ஆசியக் கடல்கள் பத்தி 1961ல அவர் எழுதின அறிக்கைய இன்னைக்கும் ஆராய்ச்சிக் கட்டுரைங்கள்ல மேற்கோள் காட்டுறாங்க. 1987ல அவர் இன்னொரு வேலை செஞ்சாரு, பிலிப்பைன்ஸ் டாவாவோ துறைமுகத்தோட கடல் மட்டத்தையும் ஆஸ்திரேலியா டார்வினோட கடல் மட்டத்தையும் கழிச்சுப் பாத்து சராசரி வித்தியாசம் 16 சென்டிமீட்டர்னு போட்டாரு. அவ்வளவு பெரிய ஓட்டத்த இழுக்குறது ஒரு சாண் கூட இல்லாத ஒசர வித்தியாசம்! ஆனா அந்த 16 சென்டிமீட்டர வச்சு எத்தனை ஸ்வெர்ட்ரப் ஓடுதுன்னு சொல்ல முடியல.

1989ல ஆஸ்திரேலியாவோட ஸ்டூவர்ட் காட்ஃப்ரே வேற வழியில போனாரு. நீரிணைக்குள்ள எட்டிக்கூட பாக்காம பசிபிக் மேல அடிக்கிற காத்தோட கணக்க மட்டும் வச்சு ஆஸ்திரேலியாவ சுத்தி ஒரு கோடு போட்டு கணக்கு பண்ணாரு, விடை 16, கூட குறைய 4. அப்போ இத நிறைய பேர் மேல் வரம்புன்னுதான் எடுத்துக்கிட்டாங்க. கடைசியில கடல்ல இறங்கி அளந்து வந்த விடைக்கு இது எவ்வளவு கிட்ட இருந்துச்சுன்னு பின்னாடி வருது, எனக்கு அது இன்னும் கொஞ்சம் எரிச்சலாவே இருக்கு, இத்தனை கப்பல், இத்தனை இரும்பு, இத்தனை கேபிள் போட்டு கண்டுபிடிச்சத அந்த மனுஷன் பேப்பர்ல போட்டுட்டாரு.

சரி, அளவு எடுக்குறதுன்னா என்ன. கப்பல்ல போய் ஒருநாள் நின்னு பாத்துட்டு வர்றதுல்லாம் இங்க செல்லாது, ஏன்னா அலையேத்தம், பருவக்காத்து, சில வருஷத்துக்கு ஒரு தடவை பசிபிக் காத்து தளர்ந்து போற எல் நினோ எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கு. அதனால மூரிங் போடுவாங்க. கீழ கனமான இரும்பு எடை, அதுக்கு மேல நூத்துக்கணக்கான மீட்டர் கேபிள், கேபிள் நெடுக கரன்ட் மீட்டர், வெப்பம் உப்பு பாக்குற சென்சார், மேல ஒலி அனுப்பி அந்த எதிரொலிய வச்சு பல ஆழத்துல ஓட்டத்த ஒரே நேரத்துல பாக்குற ஏடிசிபி, எல்லாத்தையும் நிமித்திப் பிடிக்க மிதவை. மிதவை கடல் மட்டத்துக்கு வராது, தண்ணிக்குள்ளயே நிக்கும், இல்லன்னா மீன்பிடி வலையில மாட்டும், கப்பல் இடிக்கும், யாராவது அவுத்துட்டும் போவாங்க. ஒன்றரை வருஷம் கழிச்சு கப்பல் வந்து ஒரு ஒலி சிக்னல் அனுப்பினா அடியில இருக்குற கொக்கி திறந்து மொத்தமும் மேல மிதந்து வரும், வராமலும் போகலாம். வரலன்னா ஒன்றரை வருஷ டேட்டா கடலடியில.

இன்னொரு தொல்லை, ஓட்டம் வேகமா இருக்குற இடத்துல கேபிள் நேரா நிக்காது, சாயும். சாஞ்சா சென்சார் எல்லாம் இருக்க வேண்டிய ஆழத்த விட்டு கீழ போயிடும், அதனால அழுத்த அளவ வச்சு எந்த நேரத்துல எந்த ஆழத்துல இருந்துச்சுன்னு திருப்பித் திருப்பி சரி பண்ணணும். மேல் மட்டத்துல இருந்து முதல் சில பத்து மீட்டர் இருக்கே, அங்க ஏடிசிபியோட ஒலி மேற்பரப்புல பட்டு திரும்பி வந்து குழப்பிடும், அந்த அடுக்கு மட்டும் எப்பவும் ஓட்டைதான். இத ஞாபகம் வச்சுக்கங்க, கதையே இங்கதான் மாறுது.

வாசல் வாசலா எடுத்த அளவுகள் இப்படி வந்துச்சு. லொம்போக்ல 1985ல மூரிங் போட்டு 1.7 ஸ்வெர்ட்ரப். திமோர்ல 1992-93ல மேல 500 மீட்டருக்குள்ள 4 சொச்சம். ஓம்பையில 1996ல ஏறத்தாழ 5. மக்காசர்ல அர்லிந்தோங்கற அமெரிக்க-இந்தோனேசிய திட்டத்துல 1996 கடைசியில இருந்து 1998 நடுவு வரைக்கும் அளந்து, 1997க்கு சராசரி 9 சொச்சம். இதெல்லாம் கூட்டிக் கழிச்சா கணக்கு வரும்னு தோணும். வராது. கல்யாண மண்டபத்துக்கு நாலு வாசல், ஒரு வாசல்ல முகூர்த்த நேரத்துல ஆள் எண்ணி, இன்னொண்ணுல முந்தின நாள் ராத்திரி எண்ணி, இன்னொண்ணுல வேற கல்யாணத்துல எண்ணி, மொத்தம் எத்தனை பேர் வந்தாங்கன்னு சொன்னா எப்படி இருக்கும், அதான் இது.

எவ்வளவு மாறும்னு காட்டுறதுக்கு அந்த மக்காசர் டேட்டாவே போதும். 1996 டிசம்பர்ல இருந்து 1997 பிப்ரவரி வரைக்கும் லா நினா (எல் நினோவுக்கு நேர் எதிர், பசிபிக்கோட கிழக்குக் காத்து பலமா அடிக்கிற நிலை) பக்கம் இருந்த மூணு மாசம் சராசரி 12.5 ஸ்வெர்ட்ரப். அடுத்த வருஷம் அதே மூணு மாசம், நூற்றாண்டோட பெரிய எல் நினோ ஒண்ணு நடந்துக்கிட்டு இருக்கும்போது, 5.1. அதே இடம், அதே கருவி, அதே மாசங்கள், பாதிக்கும் கீழ. எல் நினோல பசிபிக்கோட கிழக்குக் காத்து தளர்ந்து மேற்குல குவிஞ்ச தண்ணி திரும்பிப் போயிடுது, அந்த ஒசர வித்தியாசம் கொறைஞ்சா ஓட்டமும் கொறையும்.

அதோட நிக்கல. இந்தியப் பெருங்கடல் பக்கத்துல இருந்தும் ஒரு கை நீளுது. ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர்னு பருவக்காத்து மாறுற சமயத்துல நிலநடுக்கோட்டுல இலங்கைக்குத் தெக்க மேற்குக் காத்து அடிச்சு கிழக்கு நோக்கி ஒரு வேகமான ஓட்டம் கிளம்பும், அதுக்குப் பேரே விர்ட்கி ஜெட்தான், அதே விர்ட்கி. அதோட கூடவே போற கெல்வின் அலை (நிலநடுக்கோட்டையும் கரையையும் ஒட்டியே நகர்ற நீளமான அலை) சுமத்ராவுல போய் முட்டி, ஜாவா கரையோரமா தெக்க கிழக்கன்னு நழுவி லொம்போக் வாசலுக்குள்ள நுழையும், அப்போ லொம்போக்ல தண்ணி எதிர்த்திசையில வடக்க போகும். 1997 மே மாசம் அப்படி வந்த அலை மக்காசர் வரைக்கும் ஏறிப் போய் ஓட்டத்த கொஞ்ச நாள் கெடுத்து வச்சது. பசிபிக் இழுக்குறத மட்டும் பாத்தா பத்தாது, இந்தப் பக்கம் இருந்தும் தள்ளுறாங்க.

இதுக்கு ஒரே வழி எல்லா வாசல்லயும் ஒரே நேரத்துல ஆள் போடுறது, அதான் இன்ஸ்டன்ட் திட்டம். இந்தோனேசியா, ஆஸ்திரேலியா, பிரான்ஸ், நெதர்லாந்து, அமெரிக்கா அஞ்சு நாடு சேந்து மக்காசர்ல ரெண்டு, லொம்போக்ல ரெண்டு, ஓம்பையில ரெண்டு, திமோர்ல நாலு, லிஃபாமதோலாவுல ஒண்ணுன்னு 11 மூரிங், இந்தோனேசியாவோட பாருணா ஜெயா கப்பல்கள்ல போய் போட்டாங்க. 2003 கடைசியில ஆரம்பிச்சு, 2005 நடுவுல எடுத்து பேட்டரி மாத்தி திருப்பிப் போட்டு, 2006 கடைசியில எடுத்தாங்க. மூணு வருஷம், எல்லா வாசலும், ஒரே கடிகாரம்.

விடை: லொம்போக் 2.6, ஓம்பை 4.9, திமோர் 7.5. மொத்தம் 15 ஸ்வெர்ட்ரப். மக்காசர்ல உள்ள வந்தது 11.6, அதாவது மொத்தத்துல நாலுல மூணு பங்குக்கு மேல. பழைய துண்டு துண்டு அளவ கூட்டினா 11 பக்கம்தான் வந்திருக்கும். திமோர்லதான் பெரிய வித்தியாசம், அதுக்கு ஒரு காரணம் பழைய அளவு மேல 500 மீட்டரோட நின்னுபோனது, ஆழத்துலயும் தண்ணி ஓடுது. காட்ஃப்ரேயோட 16 எவ்வளவு கிட்ட இருக்கு பாருங்க.

ஆனா எனக்கு இந்த 15-ங்கற நம்பர விட பெரிய விஷயமா படுறது ஓட்டம் எந்த ஆழத்துல இருக்குங்கறது. இந்த ஓட்டம் பசிபிக்கோட வெதுவெதுப்பான மேல் தண்ணிய கொண்டு வருதுன்னுதான் ரொம்ப நாள் நெனச்சாங்க, வெப்பக் கணக்குக்கு 24 டிகிரின்னு எடுத்துக்கிட்டாங்க. மக்காசர் மூரிங் காட்டினது வேற, வேகம் அதிகமா இருக்குறது மேற்பரப்புல இல்ல, 100-150 மீட்டர் ஆழத்துல, வெப்பம் சரசரன்னு கொறையுற அந்த அடுக்குல. ஓடுற தண்ணியோட சராசரி வெப்பம் 15 டிகிரி பக்கம்தான். அப்போ இந்தியப் பெருங்கடலுக்குள்ள வர்ற வெப்பத்தோட கணக்கே மாறிடுது, காலநிலை மாடல் எல்லாம் திருத்தணும்.

ஏன் மேல ஓடல? இதுக்கு ஆர்னால்ட் கார்டன், ட்வி சுசாந்தோ குழு 2003ல குடுத்த விளக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் வடமேற்குப் பருவக்காத்து ஜாவா கடல்ல இருக்குற உப்பு கம்மியான தண்ணிய கிழக்க தள்ளி மக்காசரோட தெக்கு வாயில கொண்டுபோய் வைக்குது. தென்சீனக் கடல்ல இருந்து கரிமாதா நீரிணை வழியா வந்தது, போர்னியோ ஆறுங்க கொட்டினது, மேல பெஞ்ச மழை எல்லாம் அதுல சேத்தி. உப்பு கம்மின்னா எடை கம்மி, கொஞ்சம் ஒசந்து நிக்கும், அதனால மேல் அடுக்குல மட்டும் அழுத்தம் திரும்பி வடக்க தள்ளுது. பசிபிக்ல இருந்து வர்ற சூடான மேல் தண்ணிக்கு அங்க ஒரு அடைப்பு, அடியில வர்ற குளிர்ந்த தண்ணி மட்டும் பாட்டுக்கு போய்க்கிட்டே இருக்கு. அதாவது பூமியில ஒரு பெரிய வெப்பக் கடத்தல தீர்மானிக்கிறதுல மழைத்தண்ணிக்கும் பங்கு இருக்கு. அந்த முதல் சில பத்து மீட்டர் ஏடிசிபிக்கு தெரியாதுன்னு சொன்னேன்ல, முந்தி அந்த ஓட்டைய தோராயமாத்தான் நிரப்பிக்கிட்டு இருந்தாங்க. அங்கதான் தப்பு கூடுச்சு.

இனி கலப்பு, அதாவது மேல் தண்ணியும் கீழ் தண்ணியும் ஒண்ணோட ஒண்ணு கலக்குறது. இது வேற மாதிரி வழக்கு, இதுல ரெண்டு சாட்சியும் நேருக்கு நேர் முரண்.

பசிபிக்ல இருந்து நுழையும்போது தண்ணிக்கு அடையாளம் இருக்கு, ஒரு ஆழத்துல உப்பு உச்சத்துக்குப் போகும், அதுக்குக் கீழ உப்பு கம்மியான ஒரு அடுக்கு. பாண்டா கடல் போய் சேரும்போது அந்த மேடும் இல்ல பள்ளமும் இல்ல, வெப்பம் சரசரன்னு கொறையுற அடுக்குல இருந்து கீழ ஏறத்தாழ ஒரே உப்பு, ஒரு கிலோ தண்ணிக்கு 34.6 கிராம் பக்கத்துல. யாரோ நல்லா கலக்கியிருக்காங்க. எமி ஃபீல்டும் கார்டனும் 1992ல பழைய அளவுகள எல்லாம் வச்சு எவ்வளவு கலக்கினா இந்த மாற்றம் வரும்னு பின்னோக்கி கணக்கு போட்டாங்க, செங்குத்துக் கலப்புக் கெழு (மேலயும் கீழயும் எவ்வளவு வேகமா கலக்குதுங்கற அளவு) நொடிக்கு பத்தாயிரத்துல ஒரு சதுர மீட்டருக்கு மேல வந்துச்சு. திறந்த கடலோட நடு அடுக்குகள்ல சாதாரணமா இருக்குறத விட பத்து மடங்கு.

1998 கடைசியில மேத்யூ ஆல்ஃபோர்டும் மைக்கேல் கிரெக்கும் பாண்டா கடலுக்கே போய் நேரடியா அளந்தாங்க. இதுக்கு உள்ள கருவி தனி, கேபிள்ல இழுபடாம தானா விழுற நீளமான குழாய், அதோட நுனியில சில சென்டிமீட்டர் அளவு சுழிப்பக் கூட உணர்ற சென்சார். ரெண்டு வாரம் பாத்தாங்க. வந்த விடை அதே கெழு லட்சத்துல ஒண்ணு, அதுக்கும் கொஞ்சம் கம்மி. அதாவது பாண்டா கடல் அமைதியா தூங்குது, எந்தக் கடலோடயும் வித்தியாசமே இல்ல. ஒருத்தர் பத்து மடங்குங்கறாரு, இன்னொருத்தர் ஒண்ணுமே நடக்கலங்கறாரு.

ரெண்டும் உண்மைதான்னு தெரிய இன்னும் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. 2010 ஜூலைல மரியோன் டூஃப்ரேன்ங்கற பிரெஞ்சுக் கப்பல்ல இன்டோமிக்ஸ்னு ஒரு பயணம் போச்சு, அவங்க பாண்டா கடல் மட்டுமில்லாம ஹல்மஹேரா, ஓம்பைனு வாசல்களுக்கும் போய் இதே மாதிரி நுண்சுழிப்ப அளந்தாங்க. வாசல்ல கலப்பு பயங்கரம், பாண்டா நடுவுல பழையபடி தூக்கம். கலக்குறது அலையேத்தம். கடலடியில செங்குத்தா நிக்கிற மேடுங்க மேல அலையேத்த நீர் தினமும் ஏறி இறங்கும்போது தண்ணிக்குள்ளயே பெரிய உள்ளலைங்க உண்டாகுது, தீவுங்க சுத்தி வளைச்சிருக்குறதால அதுல பெரும்பகுதி திறந்த கடலுக்கு ஓட முடியாம உள்ளுக்குள்ளயே உடைஞ்சு தண்ணிய கலக்கிடுது. பசிபிக் தண்ணி வாசல் வாசலா கடந்து வரும்போது கலங்கி, பாண்டாவுக்கு வரும்போது கலங்கி முடிஞ்ச தண்ணியா வருது. பாண்டாவுல போய் கலப்ப தேடினா கெடைக்காது. ஓட்டத்துல "எப்போ அளந்தீங்க"ன்னு கேட்கணும், கலப்புல "எங்க அளந்தீங்க"ன்னு கேட்கணும்.

லொம்போக் நீரிணையோட தெக்கு முனையில நூசா பெனிடா தீவுக்குப் பக்கத்துல இது கண்ணுக்கே தெரியும். அங்க கடலடி மேடு 300 மீட்டர் ஆழத்துலதான் இருக்கு, ரெண்டு பக்கமும் சரேல்னு ஆழம். அதுல கிளம்புற உள்ளலைங்க வளைவு வளைவா நூறு கிலோமீட்டருக்கு மேல போறது சாட்டிலைட் படத்துல தெளிவா விழும். மோலாங்கற பெரிய சூரிய மீன் பாக்க ஜூலை-அக்டோபர்ல அங்க டைவ் அடிக்கிறவங்கள கேளுங்க, வெதுவெதுன்னு இருக்குற தண்ணி திடீர்னு பல டிகிரி குளிர்ந்து நடுங்க விடும், சில சமயம் கீழ இழுக்குற ஓட்டமும் வரும். பாலிக்கு வடக்க 2021 ஏப்ரல்ல 53 பேரோட மூழ்கின நங்காலா நீர்மூழ்கிக் கப்பல் விஷயத்துலயும் உள்ளலை காரணமா இருக்கலாம்னு இந்தோனேசியக் கடற்படை தரப்புல சொன்னாங்க, நிரூபணம் ஆகல.

பெளர்ணமி அமாவாசைக்கு அலையேத்தம் பெருசாகும்ல, அந்தக் கணக்குல ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை இந்த நீரிணைங்க சுத்துவட்டாரத்துல கடல் மேற்பரப்பு வெப்பம் இறங்கி ஏறுறத சாட்டிலைட் டேட்டாவுல பாக்கலாம். மாடல்ல இந்த அலையேத்தக் கலப்ப சேத்தா இந்தோனேசியக் கடல் மேற்பரப்பு சராசரியா அரை டிகிரி குளிருது. அரை டிகிரின்னு அலட்சியமா நெனைக்காதீங்க, பூமியில மேகமும் மழையும் அதிகமா கிளம்புற இடங்கள்ல அது ஒண்ணு, அங்க அரை டிகிரி மழையவே நகர்த்தும்.

வெளிய போன தண்ணி என்ன பண்ணுதுங்கறதுக்கு 2011 நல்ல சாட்சி. 2010-11 லா நினா பலமா இருந்துச்சு, பசிபிக் பக்கம் கடல் மட்டம் ஒசந்துச்சு, அந்த ஒசரம் தீவுங்க வழியா ஆஸ்திரேலியாவோட மேற்குக் கரைக்கும் வந்து, அந்தக் கரையோரமா தெக்க போற லீவின் நீரோட்டத்த பலப்படுத்துச்சு, சூடான தண்ணி தெக்க இறங்கிச்சு. பிப்ரவரி-மார்ச்ல கடல் வழக்கத்த விட 3 டிகிரி, சில இடத்துல அதுக்கும் மேல சூடாச்சு. மேற்கு ஆஸ்திரேலியாவுல கெல்ப் கடற்பாசிக் காடு 100 கிலோமீட்டர் தூரத்துக்கு காணாமப் போச்சு, அது திரும்பி வரல.

இப்போ நிலைமை. இன்ஸ்டன்ட் முடிஞ்சதும் மக்காசர் மூரிங்க மட்டும் தொடர்ந்தாங்க, 2011ல இருந்து 2013 வரைக்கும் அதுலயும் ஒரு இடைவெளி. ஓம்பை, திமோர்ல ஆஸ்திரேலியாக்காரங்க 2011ல இருந்து சில வருஷம் போட்டாங்க. ஆஸ்திரேலியாவோட ஃப்ரீமான்டில்ல இருந்து ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவுல இருக்குற சுண்டா நீரிணை வரைக்கும் சரக்குக் கப்பல்ல போறவங்க வழியில வெப்பக் கருவி போட்டுட்டுப் போற வேலை 1980கள்ல இருந்து நடக்குது, அது இல்லன்னா நீண்ட கால வரலாறே நமக்கு இல்ல. மத்தபடி இன்ஸ்டன்ட்டோட மூணு வருஷ அளவையும் சாட்டிலைட் கடல் மட்டத்தையும் பொருத்தி ஒரு சமன்பாடு போட்டு, மூரிங் இல்லாத வருஷங்களுக்கும் ஓட்டத்த கணக்கு போடுறாங்க. செலவு கம்மி, நானும் வேண்டாம்னு சொல்லல. ஆனா அந்த 2004-06ல பெரிய லா நினா எதுவும் இல்ல, 2006ல எல் நினோவும் இந்தியப் பெருங்கடல் இருமுனை நிகழ்வும் (அந்தக் கடலோட மேற்குப் பக்கம் சூடாகி கிழக்குப் பக்கம் குளிர்ற நிலை) வேற சேந்து வந்துச்சு, அதாவது சமன்பாடு கத்துக்கிட்டதே ஒரு பக்கம் சாஞ்ச மூணு வருஷத்துல இருந்து. அதோட சாட்டிலைட் பாக்குறது மேல் மட்டத்த, மக்காசர்ல தண்ணி வேகமா ஓடுறது 100 மீட்டருக்குக் கீழ, லிஃபாமதோலா மேட்டத் தாண்டி 2000 மீட்டர் ஆழத்துல பாண்டா கடலுக்குள்ள வழியுற தண்ணி பத்தி சாட்டிலைட்டுக்கு ஒண்ணுமே தெரியாது. ஒரு பலமான லா நினா, ஒரு பலமான எல் நினோ ரெண்டும் உள்ள வர்ற மாதிரி எல்லா வாசல்லயும் மறுபடி மூரிங் போடாம அந்த சமன்பாட்டு நம்பர்கள பத்து வருஷப் போக்குன்னு எடுத்துக்கிட்டு பேசுறத நான் கொஞ்சம் தள்ளி நின்னுதான் படிக்கிறேன்.